கூரைக்கு வயசு பூசுவோம்: 28 மி.மீ. குடிசைக்கு ஒரு செங்கல்பட்டுப் பாடம்

வார்கேமிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு முதல்ல ரெண்டு வரி. பழைய போர் ஒன்றை மேஜை மேல குட்டி வீரர்களை நிறுத்தி, டைஸ் உருட்டி, இன்ச் டேப்பால அளந்து அளந்து திரும்ப விளையாடிப் பார்க்கிறதுதான் அது. வீரர் பொம்மையோட உயரம் சுமார் 28 மி.மீ. அவருக்கு ஏத்த ஊர், மரம், ஏரிக்கரை, வீடு எல்லாத்தையும் நாமளே செய்யலாம். சுவர் சுலபம். கதவு அதைவிட சுலபம். மாட்டிக்கிறது கூரையிலதான்.

வீடியோக்களில் சொல்லித்தர கூரை பெரும்பாலும் இங்கிலாந்துக் கூரை. கோதுமைத் தாள் அல்லது நாணல் கட்டி, ஒரு அடி தடிமனுக்கு மெத்தை மாதிரி ஏத்தி, ஓரத்தைக் கத்தரிச்சு விட்ட கூரை. அதுக்குப் பழைய டர்க்கி டவலை ஒட்டி, பிரவுன் அடிச்சு, மேல மஞ்சளை டிரை பிரஷ் பண்ணா போதும். அதையே எடுத்துவந்து செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்னு மேஜையில வெச்சா, பாக்கிறவங்களுக்கு ஏதோ இடிக்கும். என்னன்னு சொல்லத் தெரியாது, ஆனா நம்ம ஊர் இல்லைன்னு தெரிஞ்சிடும்.

இந்தக் கட்டுரை நம்ம ஊர்க் கூரையை எப்படிக் கட்டி, எப்படிப் பெயின்ட் பண்றதுன்னு சொல்லும். கொலுவுக்குப் பார்க் வைக்கிறவங்களுக்கும், சிவில் டிபார்ட்மென்ட்ல மாடல் செய்யறவங்களுக்கும் இதே பாடம் உதவும்.

1. முதல்ல எந்த ஓலைன்னு முடிவு பண்ணுங்க

"கூரை" ஒரே பொருள் கிடையாது. நம்ம பக்கம் முக்கியமா மூணு வகை.

தென்னங்கீற்று: மட்டையை நடுவுல பிளந்து, தண்ணியில ஊறவெச்சு, ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமா பின்னுறது. ஒரு கீற்றுல மேல் ஓரம் கெட்டியான மட்டை; கீழ் ஓரம் தொங்கும் ஓலை நுனி. கூரையில பார்த்தா வரிசை வரிசையா படி மாதிரி தெரியும். கடலோரத்துல அதிகம் பாக்கிறது இதுதான்.

பனையோலை: விசிறி விசிறியா ஒன்னுமேல ஒன்னு அடுக்குறது. கீற்றைவிட நாள் தாங்கும். வரிசை அவ்வளவு நேரா இருக்காது. மீன் செதில் மாதிரி இருக்கும்.

வைக்கோல்: நெல் விளையற உள்நாட்டுப் பக்கம். மெத்து மெத்துன்னு உருண்டு வரும் கூரை. டவல் டெக்னிக் ஓரளவு பொருந்தறது இதுக்கு மட்டும்தான்.

கீழே இருக்கிற பாடம் தென்னங்கீற்றுக்கு. அதைப் பழகிட்டா மத்த ரெண்டும் வந்துடும்.

நேர்ல பார்க்கணும்னா ரொம்ப தூரம் போக வேண்டாம். ஈசிஆர்ல இளநீர்க் கடைக் கொட்டகை, மீனவர் குப்பங்களில் வலை வைக்கிற கொட்டகை, முட்டுக்காட்டுல 1996ல திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம். தட்சிணசித்ராவில ஆந்திரக் கடலோரத்து வட்ட வீடு ஒன்னு இருக்கு. அதுல கூரை எவ்வளவு தாழ இறங்குதுன்னு கவனிங்க. புயல் காத்து உள்ளே புகுந்து கூரையைத் தூக்காம இருக்கத்தான் அந்தத் தாழ்வு. ஆள் குடியிருக்கிற வீட்டை போட்டோ எடுக்கணும்னா மட்டும் கேட்டுட்டு எடுங்க. அது அவங்க வீடு, நம்ம ரெஃபரன்ஸ் மெட்டீரியல் இல்ல.

2. மாமல்லபுரத்துல ஒரு மாஸ்டர் கிளாஸ்

கூரை வீட்டை வேற மெட்டீரியல்ல மாடல் செஞ்ச ரொம்பப் பழைய உதாரணம் ஒன்னு நமக்கு அரை மணி பஸ் தூரத்துல நிக்குது. ஐந்து ரதங்களில் முதல்ல வர்ற திரௌபதி ரதம். ஏழாம் நூற்றாண்டு, பல்லவர் காலம், ஒரே பாறையில செதுக்கினது. உள்ளே கொற்றவை. வெளியே பார்த்தா அச்சு அசல் ஒரு குடிசை. ஏறக்குறைய 11 அடி சதுரம், 18 அடி உயரம். நம்ம 28 மி.மீ. ஸ்கேலுக்குக் குறைச்சா 6 செ.மீ. சதுரம், 10 செ.மீ.க்குக் கொஞ்சம் கம்மியான உயரம்.

கிட்டப் போய்க் கூரையைப் பாருங்க. ஒரு ஓலை கூட செதுக்கல! வழவழன்னு இருக்கு. ஆனா தூரத்துல இருந்து பார்க்கிற யாருக்கும் அது கூரை வீடுன்னு சந்தேகமே வராது. எப்படி? நாலு பக்கச் சரிவும் நேர்க்கோட்டுல இறங்காம லேசா வளைஞ்சு, உப்பி, இறவாணத்துல கொஞ்சம் கனமா முடியுது. ஓலையோட எடை அந்த வளைவுல இருக்கு. அதுக்கு அப்புறம் முனைகளில் மட்டும் கொஞ்சம் கொடி வேலைப்பாடு. பக்கத்துலயே பீம ரதத்தோட வண்டிக்கூண்டு மாதிரியான கூரையும், சகாதேவ ரதத்தோட யானை முதுகு வடிவமும் இதே வழியில வந்தவைதான்.

மாடல் செய்யறவங்களுக்கு இதுல இருந்து கிடைக்கிற விதி: முதல்ல உருவம், அப்புறம்தான் டெக்ஸ்சர். உருவம் தப்பா இருந்தா ஆயிரம் ஓலை வெட்டி ஒட்டினாலும் அட்டைப் பெட்டி மேல போட்ட குப்பை மாதிரிதான் இருக்கும்.

3. கொஞ்சம் கணக்கு

28 மி.மீ. ஸ்கேலை 1:56ன்னு எடுத்துக்கலாம். நிஜ அளவை மி.மீ.ல போட்டு 56ஆல வகுத்தா மாடல் அளவு. 10 அடிக்கு 15 அடி குடிசை, இறவாணம் தரையிலிருந்து 4 அடி, முகடு 11 அடின்னு வெச்சுக்குவோம்.

தரை: 54 மி.மீ. × 82 மி.மீ.
இறவாண உயரம்: 22 மி.மீ.
முகட்டு உயரம்: 60 மி.மீ.

இறவாண உயரத்தைத் திரும்பப் பாருங்க. வீரர் 28, இறவாணம் 22. அதாவது ஆள் குனிஞ்சுதான் உள்ளே போகணும். பெரும்பாலான மாடல்கள் தோத்துப்போறது இங்கதான். பொம்மை நேரா நடந்து போற மாதிரி வாசலை உயர்த்திடுவாங்க, குடிசை பங்களா ஆயிடும்.

சுவருக்கு வெளியே 8 மி.மீ. கூரை நீட்டிக்கொண்டு இருக்கட்டும். பாதி அகலம் 27, கூட 8, மொத்தம் 35. உயர வித்தியாசம் 38. பித்தாகரஸ் போட்டா சரிவோட நீளம் சுமார் 52 மி.மீ., கோணம் 47 டிகிரி. மழை நிக்காம ஓட இந்தச் சரிவு போதும்.

அடுக்குக்கு அடுக்கு வெளியே தெரியறது ஒரு சாண்னு வெச்சா, ஸ்கேல்ல 4 மி.மீ. அப்போ ஒரு பக்கத்துக்கு 13 வரிசை, ரெண்டு பக்கமும் 26. ஒவ்வொரு பட்டையும் 94 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம். மொத்தத்துல பாதி ஏ4 பேப்பர் கூடத் தேவைப்படாது. செலவைக் காரணம் காட்டி யாரும் தப்பிக்க முடியாது!

தடிமனும் முக்கியம். இங்கிலாந்துக் கூரையோட ஒரு அடி இந்த ஸ்கேல்ல 5 மி.மீ.க்கு மேல வரும். நம்ம கீற்றுக் கூரை மூணு நாலு இன்ச்தான். ஓரம் 2 மி.மீ.க்கு மேல தெரிஞ்சா அது வேற நாட்டுக் கூரை.

4. கட்டுவோம்

தேவையானவை: சன்போர்டு அல்லது கெட்டி அட்டை, பிரவுன் பேப்பர், ஃபெவிகால், துடைப்பத்து ஈர்க்குச்சி, நூல், கத்தரி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா.

அட்டையில ரெண்டு சரிவுகளையும் வெட்டி முகட்டுல சேருங்க. ஒட்டறதுக்கு முன்னாடி அட்டையைக் கையால லேசா வளைச்சு, நடுவுல கொஞ்சம் தொய்வு கொடுங்க. நிஜக் கூரையில சவுக்குக் கழியும் மூங்கிலும் வருஷம் போகப் போக வளையும். ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரான முகடு எந்தக் குடிசையிலும் இல்ல.

பிரவுன் பேப்பரை 10 மி.மீ. பட்டைகளா வெட்டி, ஒவ்வொன்னுலயும் மேல 3 மி.மீ. விட்டுட்டு கீழ்ப்பக்கம் சீப்பு மாதிரி வெட்டுங்க. நிஜ ஓலை இந்த ஸ்கேல்ல அரை மி.மீ.க்குச் சற்று மேல; 1 மி.மீ.க்கு வெட்டினா கண்ணுக்குப் போதும். மேலே விட்ட பகுதியில பால்பாயின்ட்டால சாய்வாக் கீறல் போடுங்க, அதுதான் பின்னல். சீப்பு நுனிகளில் அங்கங்கே ரெண்டு மூணு பல்லைப் பிச்சு எடுங்க.

ஒட்டறது கீழிருந்து மேலே. முதல் பட்டை இறவாணத்துல, அடுத்தது அதுமேல 4 மி.மீ. தள்ளி. நிஜத்துல கீற்று கட்டறவங்களும் இதே வரிசையில்தான் போவாங்க, ஏன்னா மேல் கீற்றுல விழற தண்ணி கீழ்க் கீற்று மேலதான் இறங்கணும், அதுக்கு அடியில போகக்கூடாது. மேலிருந்து ஆரம்பிச்சா உங்க மாடல் ஒழுகும் வீடு. பேப்பர் பொய் சொன்னாலும் கண்ணு கண்டுபிடிச்சிடும்.

முகட்டுக்கு ரெண்டு பட்டையை மடிச்சு ரெண்டு பக்கமும் இறங்கற மாதிரி போடுங்க. அதுமேல ஈர்க்குச்சித் துண்டுகளை ஜோடி ஜோடியா நூலால கட்டி, குதிரை மேல பை போடற மாதிரி தொங்கவிடுங்க. காத்துல கீற்று பறக்காம இருக்க வைக்கிற கனம் அது.

எல்லாம் முடிஞ்சதும் ஃபெவிகாலும் தண்ணியும் சம அளவு கலந்து மேல ஒரு கோட். ராத்திரி முழுக்கக் காயட்டும். ஐப்பசி, கார்த்திகைன்னா இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கங்க, நம்ம காத்துல அவ்வளவு ஈரம்.

5. நிறம் ஏன் மாறுது?

பெயின்ட் டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் புரிஞ்சுக்கணும். ஓலைக்குக் கெட்டித்தன்மையும் பழுப்பு நிறமும் கொடுக்கிறதுல லிக்னின்னு ஒரு பொருளுக்கு முக்கியப் பங்கு இருக்கு. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் அதை உடைக்கும். உடைஞ்சதை மழை கழுவிட்டுப் போயிடும். மிச்சம் நிக்கிறது வெளிறிய செல்லுலோஸ். அதுமேல கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை கரும்புள்ளியா படரும். வெளிறினதும் கருப்பும் கலந்தா தூரத்துல சாம்பல் நிறம். கரையில ஏத்தி வெச்ச பழைய கட்டுமரத்தோட வெள்ளிச் சாம்பல் நிறமும் இப்படி வந்ததுதான்.

ஆக, கூரைக்கு "ஓலைக் கலர்"னு ஒன்னு கிடையாது. எத்தனை வெயில், எத்தனை மழைன்னுதான் உண்டு. இதை மனசுல வெச்சுக்கிட்டா மஞ்சள் டப்பா தானா பின்னாடி போயிடும்.

திசையும் உண்டு. நமக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வருது. மழையும் நிழலும் சேர்ந்து விழற பக்கம் கருத்து, மரத்தடியா இருந்தா பாசியும் பிடிக்கும். தெற்கும் மேற்கும் வெயில் தின்னு வெளிறும். அதனால மாடலோட அடியில பென்சிலால வடக்கு அம்புக்குறி ஒன்னு போட்டு வைங்க. ஒரே ஊர்ல பத்து குடிசை செய்யும்போது பத்துக்கும் ஒரே திசையில பாசி இருந்தா, ஏன்னு தெரியாமலே எல்லாரும் நம்புவாங்க.

6. பெயின்ட் பண்ணுவோம்

சாதாரண அக்ரிலிக் போதும், ஃபெவிக்ரிலோ கேமலினோ. தேவை ஆறு கலர்: ரா அம்பர், பர்ன்ட் அம்பர், யெல்லோ ஆக்கர், சாப் கிரீன், கருப்பு, வெள்ளை.

முதல் கோட்: ரா அம்பர்ல கொஞ்சம் கருப்பு. இடுக்கு விடாம எல்லா இடத்துலயும் போகணும். இதுதான் நிழல்.

ரெண்டாவது: வயசைத் தேர்ந்தெடுங்க.
கட்டி சில வாரமே ஆன கீற்று: ஆக்கர், கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி சாப் கிரீன்.
ஒரு கோடை பார்த்தது: பர்ன்ட் அம்பர், கொஞ்சம் ஆக்கர்.
ஒரு மழைக்காலம் தாண்டியது: ரா அம்பரும் வெள்ளையும் பாதிக்குப் பாதி.
அதுக்கும் மேல: வெள்ளை, கருப்பு சேர்ந்த சாம்பல்ல ஒரு துளி ரா அம்பர்.

இதை டிரை பிரஷ்ஷா போடணும். பிரஷ்ஷை நனைச்சு, பழைய பேப்பர்ல துடைச்சு, இனி ஒன்னும் வராதுன்னு தோணற நிலையில கூரை மேல இழுங்க. கீழிருந்து மேலே இழுத்தா ஓலை நுனிகள் மட்டும் கலரைப் பிடிக்கும், பின்னல் இடுக்கு இருட்டாவே இருக்கும்.

மூணாவது வாஷ்: கருப்பும் பர்ன்ட் அம்பரும் டீத்தண்ணி பதத்துக்குக் கரைச்சு, வடகிழக்குப் பக்கமும் இறவாணத்து ஓரத்திலும் ஓடவிடுங்க. மழைத் தண்ணி எங்கே தங்குமோ அங்கே.

நாலாவதா, செருகல். இதைத்தான் நான் கூரையோட உயிர்னு சொல்லுவேன். ஒழுகற இடத்துல முழுக் கூரையையும் யாரும் மாத்தறதில்ல. ரெண்டு புதுக் கீற்றைச் செருகுவாங்க. ஒரு சாம்பல் கூரையில மூணு நாலு இடத்துல மட்டும் பழுப்புப் பட்டை தெரியணும். அதை ஒழுங்கா அடுக்காதீங்க. முகட்டுக்குப் பக்கத்துல ஒன்னு, பழைய கிளை உரசற மூலையில ரெண்டுன்னு காரணத்தோட வைங்க. இது இருந்தாத்தான் உள்ளே ஆள் இருக்காங்கன்னு தெரியும். செருகல் இல்லாத சாம்பல் கூரை, விட்டுட்டுப் போன வீடு.

அஞ்சாவது புகை. அடுப்பு எரியற பக்கத்துல முகட்டோரம் கருப்பை ரொம்ப லேசாத் தேய்ச்சு விடுங்க. குடிசைக்குப் புகைபோக்கி கிடையாது. புகை கூரை வழியாத்தான் கசியும்.

கடைசியா மேட் வார்னிஷ். பளபளக்கிற ஓலை எங்கயும் இல்ல.

7. எந்த வருஷத்துக் குடிசை?

இங்கதான் வார்கேமிங் வரலாற்றுக்குள்ள நுழையுது. நம்ம பகுதியில விளையாடறதுக்கு ஏத்த போர் இரண்டாம் மைசூர்ப் போர். 1780 ஜூலையில ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள்ள இறங்கினார். செப்டம்பர் 10ல காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூர்ல கர்னல் பெய்லியோட படை தோத்து, மிச்சம் இருந்தவங்க பிடிபட்டாங்க. காஞ்சிபுரத்துல இருந்த ஹெக்டர் மன்றோ செங்கல்பட்டு வழியா மெட்ராஸ் பக்கம் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துல தரியா தௌலத் மாளிகைச் சுவர்ல பொள்ளிலூர்ப் போர் பெரிய ஓவியமா இருக்கு.

செப்டம்பர்னா வடகிழக்கு மழைக்கு முன்னாடி. மழைக்குள்ள முடிச்சிடணும்னு சிலர் புதுக் கீற்று மாத்தியிருப்பாங்க, சிலர் இன்னும் மாத்தியிருக்க மாட்டாங்க. அதனால மேஜையில பத்து குடிசைன்னா மூணு பழுப்பு, ஏழு சாம்பல்னு கலந்து வைங்க. நைலான் வலை, தார்ப்பாய், ஃப்ளெக்ஸ் பேனர், ஆஸ்பெஸ்டாஸ் எதுவும் வரக்கூடாது. இன்னைக்குக் காலத்துக் குடிசை செய்யறீங்கன்னா நேர் எதிர்: ஒழுகற இடத்துல கல்யாணப் பேனரோ கட்சிப் பேனரோ கட்டாயம் வேணும். அது இல்லாத கூரையைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்.

இன்னொன்னையும் சொல்லணும். ஹைதரோட குதிரைப்படை மெட்ராஸ் சுத்துவட்டாரத்துல ஊர் ஊரா எரிச்சது. எரியறதுல முதல்ல போறது கூரை. நம்ம ரூல் புக்குல குடிசை "சாஃப்ட் கவர்". பின்னாடி ஒளிஞ்சா சுடறவருக்கு டைஸ்ல மைனஸ் ஒன்னு, அவ்வளவுதான். உள்ளே இருந்தவங்களுக்குப் பொம்மையும் கிடையாது, டைஸும் கிடையாது. எரிஞ்ச வீடு ஒன்னு செஞ்சு வைங்கன்னு சொல்லுவேன். கூரை முழுக்கப் போய், கரிக்கட்டையா நாலு கழி, சூட்டுல சிவந்த மண்சுவர், தரையில வெளிர் சாம்பல். அதுக்கு டிரை பிரஷ் வேண்டாம். ஆட்டத்துக்கு நடுவுல ஒருத்தராவது "இது யார் வீடு?"ன்னு கேட்பாங்க.

8. குடிசை அழகா?

மாடலா அழகு. வாழறதுக்கு எப்படின்னு அதுல இருந்தவங்களைத்தான் கேட்கணும். ஒழுகும், எரியும், வருஷா வருஷம் செலவு வைக்கும். 2004 ஜூலை 16ல கும்பகோணத்துப் பள்ளியில கூரை தீப்பிடிச்சு 94 குழந்தைங்க போனாங்க. அதே வருஷம் டிசம்பர் 26ல சுனாமி வந்த பிறகு நம்ம கடற்கரையிலும் நிறைய பேர் கான்கிரீட் வீட்டுக்கு மாறினாங்க. 2024ல அறிவிச்ச கலைஞர் கனவு இல்லம் திட்டத்தோட இலக்கு 2030க்குள்ள 8 லட்சம் வீடு. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. குடிசை இல்லாத தமிழ்நாடுன்னு அதுக்குப் பேர். அது நடக்கணும். யாரோ ஒருத்தர் ரசிக்கிறதுக்காக இன்னொருத்தர் ஒழுகற வீட்டுல இருக்க வேண்டியதில்ல.

ஆனா அந்தக் கூரையோட சேர்ந்து ஒரு எஞ்சினியரிங்கும் போகுது. எத்தனை டிகிரி சரிவு, எவ்வளவு தாழ்வு, எந்த ஓரத்துல எவ்வளவு கனம், எந்தக் கீற்று முதல்ல, எது அப்புறம். இது எந்த ஐஎஸ் கோடிலிருந்து கத்துக்கிட்டதும் இல்ல, நம்ம செமஸ்டர்லயும் வராது. கீற்று முடையறவங்க, கூரை கட்டறவங்க கையில இருக்கு. மாடல் செய்யற சாக்குல அவங்ககிட்ட போய் ஒரு மணி நேரம் கேளுங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன பேர் சொல்றாங்கன்னு எழுதிக்கங்க. குடிசை போனாலும் அளவும் பேரும் மிஞ்சும். பல்லவ சிற்பி கல்லுல செஞ்சதும் ஒரு வகையில அதுதான். அவர் காலத்து ஓலை ஒன்னு கூட இன்னைக்கு இல்ல, அந்த வளைவு இருக்கு.

முடிக்கும் முன் செக்லிஸ்ட்

இறவாணம் பொம்மையோட தலைக்குக் கீழ இருக்கா?
முகடு லேசாத் தொய்ஞ்சிருக்கா?
ஓரத் தடிமன் 2 மி.மீ.க்குள்ள இருக்கா?
வரிசை கீழிருந்து மேலே போயிருக்கா?
பாசி எல்லா வீட்டிலும் ஒரே திசையில இருக்கா?
குறைஞ்சது ரெண்டு செருகல் இருக்கா?
எந்த வருஷம், எந்த மாசம்னு கேட்டா பதில் சொல்ல முடியுமா?

ஏழுக்கும் ஆமான்னா உங்க குடிசை ரெடி. ரெண்டு வார சாயங்காலத்துல ஒன்னு முடிக்கலாம். செமஸ்டர் லீவுல ஒரு தெருவே கட்டிடலாம்!